முதலாளியே வீட்டுக்காரரான ஊர்கள்

நிலவிலோ செவ்வாயிலோ மனிதர் குடியேறினால் அங்கே மூச்சுக்காற்றும் இயந்திரத்தின் வழியாகத்தான் வரும். அந்த இயந்திரத்தின் சொந்தக்காரரே வேலை கொடுப்பவராகவும் ஊரை ஆள்பவராகவும் இருந்தால் அங்கு வாழ்பவரின் சுதந்திரம் என்னவாகும்? அமெரிக்காவின் கம்பெனி ஊர்கள் இதற்கு முன்பே விடை சொல்லியிருக்கின்றன.

ரயில் பெட்டிகள் செய்த ஜார்ஜ் புல்மன், 1880இல் சிகாகோவுக்குத் தெற்கே தம் தொழிலாளருக்காக ஓர் ஊரைக் கட்டத் தொடங்கினார். செங்கல் வீடு, குழாய்த் தண்ணீர், நூலகம், பூங்கா என வசதிக்குக் குறைவில்லை. ஆனால் தேவாலயக் கட்டடம் உட்பட அத்தனையும் கம்பெனியின் சொத்து. குடியிருப்பவர் தம் வீட்டை விலைக்கு வாங்க வழியில்லை. 1893இன் பொருளாதார நெருக்கடியில் கூலியை வெட்டிய கம்பெனி, வாடகையைக் குறைக்கவில்லை. 1894 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. அது நாடெங்கும் பரவியபோது மத்திய அரசின் படைகள் வந்து ஒடுக்கின. தொழில் நடத்த உரிமம் பெற்ற கம்பெனி ஓர் ஊரையே உடைமையாக வைத்திருக்க முடியாது என்று இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. எவ்வளவு வசதி செய்து கொடுத்தாலும், கூலியும் கூரையும் ஒரே கையில் இருந்தால் எதிர்த்துப் பேசுபவர் இரண்டையும் சேர்த்தே பணயம் வைக்க வேண்டியிருக்கிறது.

சொந்தப் பணத்தில் கட்டியவருக்குத் தம் இடத்தில் விதி வகுக்கும் உரிமை இல்லையா என்று கேட்கலாம். அலபாமாவின் சிக்கசா, கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமான ஊர். அதன் நடைபாதையில் சமயப் பிரசுரம் விநியோகித்த பெண்ணை அத்துமீறியவர் என்று தண்டித்தார்கள். 1946இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தண்டனையைச் செல்லாததாக்கியது. பொதுமக்கள் புழங்க இடத்தைத் திறந்துவிடும் அளவுக்கு உரிமையாளரின் அதிகாரம் அவர்களுடைய உரிமைகளுக்குக் கட்டுப்படும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

வெற்றிடத்தில் ஒருவரின் பிழை எல்லோரையும் கொல்லும், ஆகவே கண்டிப்பு வேண்டும் என்பது வலுவான வாதம். கப்பலுக்கும் அது பொருந்தும். ஆனால் கப்பலின் கண்டிப்பு கரைவரை நீண்டு, ஒப்பந்தத்தை முறித்து இறங்கிப்போன மாலுமியைச் சிறையில் தள்ளியது. அமெரிக்காவில் 1915ஆம் ஆண்டின் மாலுமிகள் சட்டம் அந்தச் சிறைத்தண்டனையை நீக்கிய பிறகும், நடுக்கடலில் கேப்டனின் கட்டளை கட்டளையாகவே இருந்தது. ஆபத்தைச் சமாளிக்கும் அதிகாரத்தையும் ஆளைப் பிடித்துவைக்கும் அதிகாரத்தையும் பிரிக்க முடியும்.

1967இன் விண்வெளி ஒப்பந்தம், தனியார் நிறுவனங்களின் செயல்களுக்கும் அரசுகளே பொறுப்பு என்கிறது. அவற்றுக்கு அரசின் அனுமதியும் தொடர்ந்த மேற்பார்வையும் வேண்டும் என்கிறது. குடியிருப்பவரின் பேச்சுரிமை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனவே காற்று, தண்ணீர், திரும்பும் பயணம் ஆகியவற்றை வேலையோடு முடிச்சுப்போடக் கூடாது என்பதை அந்த அனுமதியிலேயே நிபந்தனையாக்க வேண்டும். புல்மன் தொழிலாளிக்கு ஊரை விட்டுப் போக பக்கத்திலேயே சிகாகோ இருந்தது. செவ்வாயில் பக்கத்து ஊர் கிடையாது.