சிவப்பாய் இரண்டு பூச்சிகள்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையை ஒட்டி என் மாமாவுக்குக் கொஞ்சம் பருத்திக் காடு இருந்தது. புதுமழை பெய்த மறுநாள் காலையில், கையில் காலித் தீப்பெட்டியோடு நான் அங்கே ஆஜராகிவிடுவேன். ஈரத் தரையில் ரத்தத் துளிகளைச் சிந்தியதுபோல் தம்பலப் பூச்சிகள் ஊர்ந்து கொண்டிருக்கும். பட்டுத் துணியைத் தொடுவது போன்ற முதுகு. தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் பாசாங்கு செய்யும்.

மாசி மாதம், காய் வெடிக்கும் சமயத்தில், செடியிலே சிவப்பாக வேறொன்று கூட்டம் கூட்டமாய் மொய்த்தது. அதையும் பிடித்துப் பெட்டியில் போட்டேன். மாமா பார்த்துவிட்டார். பெட்டியைப் பிடுங்கிக் கவிழ்த்து, விழுந்ததையெல்லாம் செருப்புக் காலால் தேய்த்தார்.

"அது பட்டு; இது பீடை, மாப்பிள்ளை! இது ஏறின பஞ்சை எவன் வாங்குவான்?"

அந்த வருஷம் அவர் பஞ்சில் பாதி மஞ்சளாய்க் கறைபட்டுப் போயிற்று. வந்த விலையில் உரக் கடன்கூட அடையவில்லை. 1936-லிருந்து ராஜபாளையத்தில் மில் ஓடுகிறது. பக்கத்துச் சத்திரப்பட்டியிலே காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணி நெய்கிறார்கள். வெள்ளையை நம்பிப் பிழைக்கும் சீமையில் கறை என்பது சின்ன விஷயமா?

மாமா ஒரே பார்வையில் பிரித்துவிட்ட அந்த இரண்டையும் பிரிக்க உலகத்து அறிஞர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கதையில் நம் தரங்கம்பாடிக்கும் பங்கு உண்டு.

ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் ஜீவராசிகளுக்கெல்லாம் பெயர் வைத்த மகான். 1758-ல் வெளியிட்ட பதிப்பிலே, பூச்சி என்ற ஒரே கூரைக்குக் கீழ் வண்டு, ஈ, எறும்போடு சிலந்தியையும் தேளையும் நண்டையும் பூரானையும் குடிவைத்துவிட்டார். சிறகுதான் அவருக்கு அடையாளம். சிறகில்லாதவை எல்லாம் ஒரு மூலை. அந்தக் கணக்கில் என் பட்டுக்கும் மாமாவின் பீடைக்கும் அறை வேறானாலும் வீடு ஒன்றே.

லின்னேயஸின் மாணவர் கோனிக் 1768-ல் வைத்தியராகத் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். அப்போது அது டென்மார்க்குக்காரர்கள் ஊர். பிற்பாடு ஆற்காட்டு நவாபிடமும், அதற்குப் பின் கும்பினியிடமும் சம்பளம் வாங்கினார். செடி தேடுவதுதான் அவர் தொழில். ஆனால் பூச்சியையும் விடவில்லை. கறையானைப் பற்றி 1779-ல் அவர் எழுதிய கட்டுரையில், நம்மவர்கள் ஈசல் பிடித்துத் தின்பதைக்கூடச் சொல்லியிருக்கிறார். 1785-ல் காக்கிநாடாப் பக்கம் கண்ணை மூடினார். ஊர் திரும்பவே இல்லை.

அவருடைய சகபாடி பப்ரிஷியஸ் 1775-ல் ஒரு பெரிய பூச்சி நூல் எழுதினார். சிறகைப் பார்த்தது போதும், வாயைப் பார் என்பது அவர் கட்சி. என்னைக் கேட்டால் சம்சாரிக்கு உபயோகமான கட்சி இதுதான். பருத்திச் செடியின் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு மெல்லும் வாய் இல்லை, ஊசிபோல் மூக்கு. அதைக் காய்க்குள் செருகி விதையின் சாரத்தை உறிஞ்சுகிறது. அந்தத் துளை வழியே கிருமி புகுந்து பஞ்சு கறைபடுகிறது. இந்தப் பூச்சிக்குப் பப்ரிஷியஸ் அந்த நூலிலே கோனிக்கின் பெயரைச் சூட்டினார். இன்றைக்கும் டிஸ்டெர்கஸ் கோனிகியை என்றுதான் அழைக்கிறார்கள். நல்ல சிநேகிதர்! எதற்கெல்லாம் பெயர் வைக்கலாம் என்று ஒரு விவஸ்தை வேண்டாமா?

அதே நூலில் பெயர் பெற்ற இன்னொரு வண்டு ஓர் உயிரைக் காப்பாற்றியது. பிரெஞ்சுப் புரட்சியின்போது லத்ரேய் என்ற பாதிரியார் போர்டோ நகரத்துச் சிறையில் கிடந்தார். சிறைத் தரையில் அபூர்வமான வண்டு ஒன்றைக் கண்டு பரவசப்பட்டதைக் கைதிகளைப் பார்க்க வந்த வைத்தியர் கவனித்தார். வண்டு வெளியே போயிற்று. பூச்சி சேர்க்கும் ஓர் இளைஞன் கைக்குச் சேர்ந்து, அவன் முயற்சியால் பாதிரியாரும் வெளியே வந்தார். பூச்சி வகுப்பு நூலின் பெரிய ஆசானாகப் பிறகு விளங்கினார் அவர்.

ஒரே கூரையைப் பிரித்து நண்டுக்கும் சிலந்திக்கும் தனி வீடு கொடுத்தவர் லாமார்க், வருஷம் 1801. தம்பலப் பூச்சி சிலந்தி வீட்டுக்குப் போயிற்று. பூச்சி என்ற பெயர் நம் வாயில் மட்டும்தான். அதற்கு எட்டுக் கால். நாவாய்ப்பூச்சிக்கு ஆறு. நண்டுக்குக் கொடுக்கோடு சேர்த்துப் பத்து. ஆனாலும் எல்லாம் பங்காளிகள். கணுக்கணுவாய் மடங்கும் கால். எலும்பை உள்ளே வைக்காமல் ஓடாக மேலே போர்த்திய உடம்பு. வளர வேண்டுமானால் பழைய சட்டையைக் கழற்றி எறிய வேண்டிய கட்டாயம். கண்மாய்க் கரையில் நண்டின் வெற்று ஓட்டைப் பார்த்திருப்பீர்களே, அது செத்த நண்டாக இருக்க வேண்டியதில்லை. சட்டை மாற்றிய நண்டாகவும் இருக்கலாம். இந்தக் குடும்பத்துக்குக் கணுக்காலிகள் என்று பொருள்படும் பெயரை 1848-ல் தந்தவர் ஜெர்மானியரான ஸீபோல்ட்.

நம் தொல்காப்பியர் காலை எண்ணவில்லை, அறிவை எண்ணினார். மரபியலில் கறையானுக்கும் எறும்புக்கும் மூன்று அறிவு. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கு. எறும்பைத் தும்பியிடமிருந்து பிரித்தது இன்றைய நூலுக்கு ஒவ்வாது. ஆனால் தண்ணீர் நண்டையும் பறக்கும் தும்பியையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தாரே, அந்தத் துணிச்சலை என்னவென்று சொல்ல!

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணான ஆண்டாள் எதையும் எண்ணவில்லை. திருமாலிருஞ்சோலையைப் பாடும்போது, அந்த மலையெங்கும் இந்திரகோபங்கள் பரந்து கிடப்பதைச் சொல்கிறாள். இந்திரகோபம் என்பது நம் தம்பலப் பூச்சிதான். பிரிவால் வாடுகிறவள் கண்ணில் அந்தச் சிவப்புப் பட்டது, கால் படவில்லை.

காலை எண்ணுவதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. முட்டையிலிருந்து வரும் தம்பலக் குஞ்சுக்கு ஆறே கால். வேறு பூச்சிகளின் உடம்பில் ஒட்டி உறிஞ்சி வாழும். சட்டை மாற்றிய பிறகுதான் எட்டுக் கால் வருகிறது. அந்த வயதில் அதைப் பார்த்திருந்தால் மாமாவும் ஏமாந்திருப்பார்.

கறைபட்ட வருஷத்துக்கு அடுத்த வருஷம் மாமா மருந்து தெளித்தார். ஒரு தரமல்ல, பல தரம். பஞ்சு வெள்ளையாகவே வந்தது, கடனும் அடைந்தது. அதற்கப்புறம் வந்த புதுமழைக்கும் நான் தீப்பெட்டியோடு போனேன். வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்து, வெயில் ஏறும்வரை தேடிவிட்டு, காலிப் பெட்டியை மாமாவிடம் காட்டினேன். அவர் அதை வாங்கித் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடித் திருப்பிக் கொடுத்தார்.