பெட்டிக்குள் சிக்காத வண்டு

பூச்சி வலை, கொல்லும் பாட்டில், குண்டூசி, பொடி எழுத்துல ஒரு லேபிள். வேளாண்மையோ விலங்கியலோ படிச்சவங்களுக்கு இந்தச் சாமான்கள் எல்லாம் நல்ல பழக்கம். எத்தனை பிடிச்சோம், பேர் சரியா எழுதினோமா, மார்க் வந்துச்சா... அதோட பெட்டியை மூடிடுவோம். ஆனா ஒரு மாணவரோட பாதையையே திருப்பிவிட்டது, தப்பிச்சுப் பறந்துபோன ஒரு வண்டு!

அவர் டேனியல் ஜான்சென். 1939ல் பிறந்த அமெரிக்கர். 1960களின் தொடக்கத்தில் பெர்க்லியில் பூச்சியியல் ஆராய்ச்சி மாணவர். களப்பணிக்காகக் கிழக்கு மெக்சிகோ போயிருந்தார். அங்கே ஒரு வகை வேலமரம் உண்டு. நம்ம கருவேலத்துக்குப் பங்காளி முறை. முள்ளெல்லாம் மாட்டுக் கொம்பு மாதிரி பருத்திருக்கும். அதைக் குடைஞ்சு உள்ளே எறும்பு குடியிருக்கும். ஒரு வண்டு அந்தக் கிளையில வந்து உட்கார்ந்தது. உடனே ஒரு எறும்பு ஓடிவந்து பாய, வண்டு எடுத்தது ஓட்டம். அட, மரத்துக்கு இது வாட்ச்மேன் வேலை பார்க்குதோன்னு பொறி தட்டியது அவருக்கு.

புது யோசனை இல்லை இது. நிகராகுவா சுரங்கத்தில் வேலை பார்த்த தாமஸ் பெல்ட் என்ற பொறியாளர் 1874லேயே புத்தகத்தில் எழுதிட்டார். மரம் வீடும் சாப்பாடும் தருது, எறும்பு காவல் காக்குதுன்னு. பின்னால வந்த அறிஞர்கள் சிலர் அதை ஏத்துக்கலை. ஜான்சென் என்ன செஞ்சார்? சில மரங்களில் எறும்பை ஒழிச்சுட்டுக் காத்திருந்தார். அந்த மரங்களைப் பூச்சிகள் மேய்ஞ்சுடுச்சு, கொடிகள் ஏறி மூடிடுச்சு. எறும்பு இருந்த மரங்கள் செழிப்பா நின்னுச்சு. 1965ல் முனைவர் பட்டம், 1966ல் கட்டுரை. சந்தேகம் தீர்ந்தது.

1963ல் கோஸ்டாரிகாவில் வெப்பமண்டல உயிரியல் வகுப்புக்கு மாணவரா போனவர், 1965ல் அங்கேயே பாடம் நடத்தப் போனார். பிறகு குவானகாஸ்தே காட்டில் கம்பளிப்புழுக்களைப் பிடிச்சு, எந்த இலையைத் தின்னுதுன்னு குறிச்சுவெச்சு, பட்டாம்பூச்சி ஆகுறவரை வளர்க்க ஆரம்பிச்சார். அந்தப் பக்கத்துக் கிராமத்து ஆட்களுக்கும் பயிற்சி கொடுத்து இந்த வேலையில் சேர்த்துக்கிட்டார்.

பலன்? ஒரே இனம்னு எல்லாரும் நினைச்ச ஒரு பட்டாம்பூச்சி, உண்மையில் பத்து இனம்னு 2004ல் மரபணுச் சோதனை காட்டியது. வளர்ந்த பூச்சிகளைப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா வித்தியாசமே தெரியாது. புழுவோட நிறமும் அது தின்ன செடியும்தான் துப்புக் கொடுத்துச்சு. பெட்டியில ஒண்ணு, காட்டுல பத்து!

இப்போ கசப்பான பகுதி. 2019ல் ஜான்செனும் மனைவி வின்னி ஹால்வாக்ஸும் ஒரு கட்டுரை எழுதினாங்க. ராத்திரியில வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டா ஒரு காலத்தில் அந்துப்பூச்சிகள் மொய்க்கும். இப்போ அந்தக் கூட்டம் இல்லை. அவர் முதலில் போனப்போ நாலு மாசமா இருந்த வறட்சிக்காலம் ஆறு மாசமா நீண்டுடுச்சு. பாதுகாக்கப்பட்ட காடு, யாரும் வெட்டலை. ஆனாலும் பூச்சி குறையுது.

இதைச் சொல்ல அவரால் முடிஞ்சதுக்குக் காரணம், ஐம்பது வருஷத்துக்கு மேல ஒரே காட்டைப் பார்த்துக்கிட்டே இருந்ததுதான். மாணவர்கள் பூச்சி பிடிக்கட்டும், தப்பில்லை. ஆனா குண்டூசி குத்துறதுக்கு முன்னாடி, அது எங்கே உட்கார்ந்துச்சு, எதைத் தின்னுச்சு, யார் துரத்தினாங்கன்னும் ரெண்டு வரி எழுதிவைக்கட்டும். பின்னால அந்த இடத்துக்கு வர்றவருக்கு, அங்கே என்ன இருந்துச்சுன்னு சொல்ல அந்த ரெண்டு வரி மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.