தேர்முட்டி, டேசன், பஸ் ஸ்டாண்டு: கோயமுத்தூர் கடைவீதி நகர்ந்த கதை

கோயமுத்தூர்ல துணி எடுக்கணும்னா ஒப்பணக்கார வீதி. நகைன்னா ராஜவீதி, பெரிய கடைவீதி. மளிகை மொத்தமா வேணும்னா ரங்கே கவுண்டர் வீதி. இதெல்லாம் யாரும் உட்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கலைங்க. சின்ன வயசுல அம்மா கையைப் புடிச்சுட்டுப் போனப்பவே பழகிப்போச்சு. ஆனா ஏன் அங்க? யாரு முடிவு பண்ணுனாங்க?

கொஞ்ச நாளா இதை நோண்டிட்டு இருக்கேன். எங்க சொந்தத்துல ஒருத்தர், மில்லு வேலை முடிஞ்சு வந்த செட்டில்மெண்ட் பணத்தை வெச்சுட்டு கடை போட இடம் தேடறார். அவிநாசி ரோடா, கிராஸ்கட் ரோடா, மாலுக்குள்ளயா, இல்ல பேசாம வீட்டுப் பக்கத்துலயேவா? மூணு மாசமா இதே பேச்சு. "நீதான் பழைய கதையெல்லாம் படிக்கறயே, சொல்லு கண்ணு"ன்னார். சொல்றேன்னு ஆரம்பிச்சேன், நேரா ரோமாபுரிக்குப் போயிருச்சு. (நம்ம பொழப்பே இதுதான், பொறுத்துக்குங்க மக்களே.)

கொங்கு நாட்டோட முதல் 'லொக்கேஷன்' பாலக்காட்டுக் கணவாய்தான். மேற்கு மலையில பெரிய இடைவெளி அது ஒண்ணு. மேற்குக் கடற்கரையில இறங்குன சரக்கு அந்த வழியா உள்ள வந்து, நொய்யல் கரையோரமா கரூருக்குப் போச்சு. வெள்ளலூர்ல 1842-லயே ரோமானியக் காசுப் புதையல் கிடைச்சது. சென்னிமலைக்குப் பக்கத்துல கொடுமணல்ல கல்மணி செஞ்ச பட்டறைகளோட தடயத்தைத் தோண்டி எடுத்திருக்காங்க. வெள்ளலூரை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில மறுபடி வரும்.

ஆனா நிரந்தரக் கடைங்கறது நம்ம பக்கம் ரொம்பப் பின்னாடி வந்த சங்கதி. காட்டு விவசாயம், தள்ளித் தள்ளி இருக்கற ஊருங்க, கையில காசு பொழங்கறது வாரத்துக்கு ஒரு நாள். அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தன் தினமும் கடையைத் தொறந்து வெச்சுட்டு உட்கார்ந்தா ஈதான் ஓட்டணும். அதனால கடையே ஊர் ஊரா நடந்துச்சு. அதுதானுங்க சந்தை. திங்கக்கிழமை ஒரு ஊரு, செவ்வாக்கிழமை அடுத்த ஊரு. ஒரே வியாபாரி ஏழு ஊர் சனத்தை ஒரு வாரத்துல பார்த்துருவான். வாடகை கிடையாது, சுங்கம் மட்டும்தான். சேலத்துல செவ்வாய்ப்பேட்டை, நாமக்கல் பக்கம் புதன்சந்தை, நம்ம டவுனுக்குள்ளயே சுக்கிரவார்பேட்டை. சுக்கிரவாரம்னா வெள்ளிக்கிழமை. கிழமை பேரு ஊர்ப் பேரா ஒட்டிக்கிட்டதைப் பார்த்தாலே சந்தை எவ்வளவு பெரிய சமாச்சாரமா இருந்திருக்கும்னு தெரியுது.

பழைய தமிழ் இலக்கியத்துல நாளங்காடி, அல்லங்காடின்னு ரெண்டு வருதுல்ல, பகல் கடை, ராத்திரிக் கடை. ராத்திரிக் கடை இன்னும் சாகலை. ஈரோடு கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குத் திங்கக்கிழமை ராத்திரி போய்ப் பாருங்க, செவ்வாக்கிழமை வரைக்கும் யாவாரம் நடக்கும். வெளியூர், வெளி மாநிலத்துல இருந்தெல்லாம் வந்து மூட்டை மூட்டையா கட்டிட்டுப் போவாங்க. இந்த மாதிரிச் சந்தை நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம்னு நினைச்சுக்காதீங்க. சீனாவுல யிவூன்னு ஒரு ஊரு, இன்னைக்கு உலகத்துக்கே பொம்மை, பாசிமணி, குடை சப்ளை பண்ணுது. 1982-ல அதுவும் தெருவோரக் கடைகளாத்தான் ஆரம்பிச்சுது.

சரி, டவுனுக்கு வருவோம். பழைய கோயமுத்தூர் கடைவீதிக்கு இடம் குறிச்சுக் குடுத்தது கோனியம்மன்தான்னு சொல்லுவேன். மாசி மாசம் தேர் ராஜவீதித் தேர்முட்டியில கெளம்பி ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பகவுண்டர் வீதின்னு சுத்தி வரும். தேர் போகணும்னா வீதி அகலமா இருந்தே ஆகணும். அகலமான வீதியில வண்டி நிக்கும், வண்டி நின்னா கடை வரும். அந்தக் காலத்துப் பார்க்கிங் வசதி தேர்தான் குடுத்துச்சு. ஹி ஹி.

அப்புறம் ரயில். மெயின் லைன் போத்தனூர் வழியா 1862-லயே ஓடுச்சு, ஆனா கோயமுத்தூர் டவுனைத் தொடலை. 1873-ல மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டப்பதான் நமக்கு டேசன் வந்துச்சு. 1892-ல டவுன்ஹால் கட்டுனாங்க. அதுக்கப்புறம் டேசன்ல எறங்குனவன் தேர்வீதிக்கு நடந்து போற பாதையே புதுக் கடைவீதி ஆயிருச்சு. அந்த நடைபாதையைக் கண்ணு வெச்ச ஒரு மனுசன் இருந்தார்: சாமிக்கண்ணு வின்சென்ட். ரயில்வேயில வேலை பார்த்தவர். 1905-ல வேலையை விட்டுட்டு, கூடாரத்தைத் தூக்கிட்டு ஊர் ஊரா படம் காட்டுனார். அதாவது அவரும் சந்தை வியாபாரி மாதிரிதான். 1914-ல ஒரே இடத்துல நின்னு வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டுனார். எங்க? டேசனுக்கும் டவுன்ஹாலுக்கும் நடுவுல! அந்த ரோட்டுக்கே வெரைட்டி ஹால் ரோடுன்னு பேர் நின்னுபோச்சு. எந்த எம்.பி.ஏ.வும் படிக்காம, நடமாட்டம் எங்க இருக்குன்னு காலால அளந்து கண்டுபிடிச்ச மனுசன்.

இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல பிளேக் வந்து வந்து போச்சு. சந்து பொந்துல வாழ்ந்த சனத்தை வெளிய கொண்டு போகணும்னு மேற்கால நேர் நேரா ரோடு போட்டு ஆர்.எஸ்.புரம் உருவாச்சு. நகராட்சித் தலைவரா இருந்த ரத்தினசபாபதி முதலியார் பேருதான் அது. அங்க முதல்ல வீடு வந்துச்சு, அப்புறம்தான் கடை. அதனாலதான் டி.பி. ரோட்டுக் கடைக்கும் ஒப்பணக்கார வீதிக் கடைக்கும் கொணமே வேற. ஒண்ணு குடியிருக்கறவனைத் தேடிப் போன கடை, இன்னொண்ணு வெளியூர்க்காரன் தேடி வர்ற கடை. 1965-ல சின்னப் பழக்கடையா ஆரம்பிச்ச கோவை பழமுதிர் நிலையம் இன்னைக்கு ஏரியா ஏரியாவா கிளை போட்டிருக்குன்னா, அது முதல் வகை. பழம் வாங்க யாரும் பஸ் ஏறி டவுனுக்குப் போக மாட்டாங்க.

இதுல ஒரு கேள்வி வரும். ஒரே சரக்கு விக்கறவங்க எதுக்கு ஒட்டி ஒட்டிக் கடை போடறாங்க? ஹெரால்ட் ஹோட்டலிங்னு ஒரு அமெரிக்கர் (பேரைப் பார்த்துட்டு ஓட்டல்காரர்னு நினைச்சுக்காதீங்க) 1929-ல இதைக் கணக்காவே எழுதுனார். ஒரு நீளமான வீதியில ரெண்டு கடை இருந்தா, அடுத்தவன் வாடிக்கையை இழுக்கறதுக்காக ரெண்டுமே நகர்ந்து நகர்ந்து நடுவுல போய் நிக்கும்னார். பொட்டிக்கடைக்கு அது பொருந்தும். பட்டுச் சேலைக்கு இன்னொரு காரணமும் இருக்குங்க. நம்ம ஊட்டம்மணிக நாலு கடை ஏறி எறங்காம ஒரு சேலை எடுத்திருக்காங்களா? ஊருக்கு ஒதுக்குப்புறமா ஒத்தைக் கடை போட்டு அதே சேலையைக் கம்மி வெலைக்குக் குடுத்தாலும், "அங்கெல்லாம் எவன் போவான்"ன்னு போயிருவாங்க. பக்கத்துக் கடைக்காரன் போட்டியாளர் மட்டும் இல்ல, கூட்டத்தைக் கூட்டிட்டு வர்றவனும் அவன்தான்.

1974-ல காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு வந்ததுக்கப்புறம் கதை மறுபடி திரும்புச்சு. திருப்பூர், ஈரோடு, சேலம், சத்தி பஸ்ஸெல்லாம் அங்க. எறங்குனவன் கண்ணுக்கு முதல்ல படறது கிராஸ்கட் ரோடு, நூறடி ரோடு. பொள்ளாச்சி, உடுமலை, பழனிக்காரன் எறங்கறது உக்கடத்துல. அவனுக்கு ஒப்பணக்கார வீதி கிட்ட. அதாவது எந்த ஊர்க்காரன் எந்த வீதியில தீபாவளித் துணி எடுப்பான்னு பஸ் ரூட்டே தீர்மானிச்சிருச்சு! கிராஸ்கட் வளர்ந்துட்டதால ஒப்பணக்கார வீதி படுத்துரலை. இங்கதான் நம்ம ஊரு எனக்குப் புடிச்ச ஊரு. புதுசு வந்தா பழசு சாகறதில்ல, ரெண்டும் ஆளைப் பிரிச்சுக்குது.

மாலு வந்தது அதுக்கப்புறம். 2009-ல புரூக்ஃபீல்ட்ஸ், 2012-ல பீளமேட்டுல ஃபன் ரிபப்ளிக், 2017-ல சத்தி ரோட்டுல புரோசோன். இங்க பஸ்ஸுல எறங்கறவனை விட கார் நிறுத்தறவனுக்குத்தான் கணக்குப் போட்டிருக்காங்க. சாப்பாட்டுக் கடையையும் தியேட்டரையும் எதுக்கு மேல் மாடியில வெக்கறாங்க? நீங்க போறப்பவும் வர்றப்பவும் மத்த கடைகளைத் தாண்டிப் போகணும், அவ்வளவுதான். தேர் நாலு வீதி சுத்துன மாதிரி நம்மளை நாலு மாடி சுத்த வெக்கறாங்க. ஆனா எங்க சொந்தக்காரர் மாதிரி ஆளுங்க அங்க போறதுக்கு முந்தி வாடகைக் கணக்கை நல்லாப் பார்க்கணும். வீதியில நீங்க நிக்கற இடத்துக்கு வாடகை. மால்ல வராந்தா, லிஃப்ட், படிக்கட்டுல உங்க பங்கையும் சதுர அடியில சேர்த்துருவாங்க. அதுக்கு மேல பராமரிப்புக் கட்டணம் தனி. பல இடத்துல விற்பனையில பங்கும் உண்டு. முதல் ஆறு மாசம் யாவாரம் சுமாராப் போனா பெரிய கம்பெனி தாங்கும், செட்டில்மெண்ட் பணம் தாங்காது. அவருக்கு நான் சொன்னது, குடியிருப்புக்குள்ள, தெனம் தேவைப்படற சரக்கு. அவருக்கு அது புடிக்கலை, "மில்லுல முப்பது வருசம் இருந்துட்டு பொட்டிக்கடையா"ங்கறார். அவரு கவலையும் நியாயம்தான்.

இப்ப அடுத்த திருப்பம். அவிநாசி ரோட்டுல உப்பிலிபாளையத்துல இருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம், ஜி.டி. நாயுடு பேருல, 2025 அக்டோபர்ல தொறந்தாச்சு. மேல போறவனுக்கு நல்லது, எனக்கும் நல்லது, மறுக்கலை. ஆனா மேல போறவன் கண்ணுல கீழ இருக்கற போர்டு படாது. அந்த ரோட்டுல "கார்ல போறவன் பார்த்துட்டு நிறுத்துவான்"னு நம்பி அட்வான்ஸ் குடுத்தவங்க இனி சாய்தளம் எங்க எறங்குதுன்னு பார்த்துத்தான் இடம் புடிக்கணும். மெட்ரோ வந்தா இன்னொரு கணக்கு. ஆனா அந்தத் திட்டத்தை 2025 நவம்பர்ல டெல்லி திருப்பி அனுப்பிருச்சு.

வெள்ளலூரை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனில்ல? பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளிய ஒரே இடமாக் கொண்டு போகலாம்னு 2020-ல அங்கதான் வேலை ஆரம்பிச்சாங்க. கட்டடம் பாதியில நின்னுபோச்சு. வேணும்னு ஒரு கூட்டம், அந்த இடம் சரியில்லைன்னு ஒரு கூட்டம். பேச்செல்லாம் டிராஃபிக்கைப் பத்தியே நடக்குது. காந்திபுரத்துல எறங்கற கூட்டத்தை நம்பி இருக்கற செருப்புக்கடை, பேக் கடை, பிளாட்பாரத்துல கொய்யாப்பழம் விக்கற அக்கா, இவங்களை யாரும் கணக்குல சேர்த்த மாதிரி தெரியலை. பெரிய ஜவுளிக்கடைக்காரர் வெள்ளலூர்ல ஒரு கிளை தொறந்துக்குவார். அந்த அக்காவுக்குக் கூடையைத் தூக்கிட்டு எந்த பஸ்ஸுல ஏறணும்னு யாராச்சும் சொல்லணும்.

உங்க ஊர்ல பஸ் ஸ்டாண்டை மாத்துனாங்களா? பழைய ஸ்டாண்டைச் சுத்தி இருந்த கடைங்க என்ன ஆச்சு? தெரிஞ்சவங்க எழுதுங்க மக்களே.