ஐப்பசியில் காயாத கட்டை

சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவரிடம் தொழில் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ ஓடுது" என்பார். லாபம் வந்த வருஷத்திலும் அதே பதில்தான். நான் மூன்றாம் தலைமுறை. தாத்தாவும் அப்படித்தான் சொல்வாராம்.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததைச் சிவகாசியில் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம். ஜெர்மனி இயந்திரத்தைத் தருவித்து ஆரம்பித்தார்கள், கட்டுப்படியாகவில்லை. சில வருஷங்களில் கைவேலைக்கு மாறிவிட்டார்கள். தோற்றுப் பின்வாங்கினார்கள் என்றுகூட அன்றைக்கு ஊர் பேசியிருக்கலாம். ஆனால் கையாலேயே செய்யலாம் என்றான பிறகுதான், பெரிய முதல் இல்லாதவரும் குச்சி அடுக்கும் கட்டை நாலை வாங்கிப் போட்டு உட்கார முடிந்தது. சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் என்று தொழில் பரவியது அப்படித்தான். எதிரே ஸ்வீடன்காரர்களின் விம்கோ பெரிய ஆலைகளோடு நின்றது. 1934ல் வெள்ளைக்கார அரசு தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி போட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு சின்ன ஆபீஸுக்குக் குறைந்த வரி என்று சலுகை வந்திராவிட்டால் எங்கள் ஆபீஸ் எப்போதோ பூட்டியிருக்கும்.

வரியை விட எங்களைப் படுத்தியது மழை. குச்சி கேரளாவிலிருந்து லாரியில் வரும். காய்ந்த குச்சியைக் கட்டையில் வரிசையாக அடுக்கி, முனையை மெழுகில் தொட்டு, பிறகு மருந்தில் முக்கி எடுக்க வேண்டும். மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டோடு வச்சிரப் பசையும் உண்டு. ஈரக்காற்றில் அது இறுகாது. குச்சியின் தலை நசநசத்துப்போய், பெட்டியில் உரசினால் பற்றாமல் மருந்து மட்டும் இழுபடும். ஐப்பசி அடைமழையில் அப்பா காலையில் வந்ததும் ஒரு குச்சியை உரசிப் பார்ப்பார். பற்றாவிட்டால், "இன்னைக்கு முக்க வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டைத் திறப்பார். முக்காத வாரத்திலும் பெட்டி ஒட்டும் பெண்களுக்கு அட்வான்ஸ் போகும், அதுவும் வட்டிக்கு வாங்கிய பணத்தில். நல்ல மனசு என்பார்கள். கணக்கும் உண்டு: கதவைச் சாத்தினால் ஆட்கள் வேறு ஆபீஸுக்குப் போய்விடுவார்கள், வெயில் வந்தபின் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். நெருக்கடி வந்தபோதெல்லாம் சின்ன ஆபீஸ்கள் தாக்குப்பிடித்ததற்குக் குறைந்த கூலி ஒரு காரணம். அந்தக் கூலியில் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகளின் விரல்களும் இருந்தன. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 1996ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தபோது தொழிலே அழிந்துவிடும் என்று புலம்பியவர்கள் உண்டு. அழியவில்லை.

விலைதான் நகராது. 2007ல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு வந்த பெட்டி, 14 வருஷம் அங்கேயே நின்றது. இதற்கிடையே 2020ல் கைத்தீப்பெட்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆனது. அடுத்த வருஷம் பெட்டியின் பக்கவாட்டில் பூசும் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810க்கு ஏறியது. மெழுகும் அட்டையும் கூடவே ஏறின. உற்பத்தியாளர் சங்கங்கள் சிவகாசியில் கூடிப் பேசி, 2021 டிசம்பர் 1 முதல் பெட்டி 2 ரூபாய் என்று முடிவு செய்தன. கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள், வாங்கினார்கள்.

அடுத்து வந்தது லைட்டர். 10 ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்று தமிழக முதல்வர் 2022ல் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். மறுவருஷம் ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. கடைகளில் லைட்டர் இன்னும் தொங்கத்தான் செய்கிறது. ஆனாலும் எனக்கு வடக்கேயிருந்து ஆர்டர் கொஞ்சம் கூடியது. அந்தத் தைரியத்தில் மழைக்கு முன்னாலேயே ஒரு லோடு குச்சி கூடுதலாக இறக்கி வைத்திருக்கிறேன்.