பனிக்கட்டிக்குள் துளிர்



பிரான்சில் பர்கண்டியின் வடகோடியிலுள்ள சிற்றூர் ஷப்லி. ஷார்டொனே என்னும் ஒரே இனத் திராட்சையிலிருந்து வெள்ளை ஒயின் உண்டாக்கும் ஊர் அது. திருவிருந்தில் சிவந்த ரசத்தையே கண்டு பழகிய நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

அருகிலுள்ள பொந்தின்யியில் 1114-இல் சிஸ்டெர்சியத் துறவிகள் மடம் அமைத்தார்கள். கைகளால் பாடுபட்டு உண்பதே அவர்கள் ஒழுங்கு. திருப்பலிக்கு ரசம் வேண்டியிருந்தது. ஆகவே ஷப்லியின் சரிவுகளில் திராட்சத்தோட்டங்களைப் பேணினார்கள். அம்மண்ணில் இன்றும் சிறு சிப்பிகளின் கல்லுருவங்கள் கிடைக்கின்றன. ஒருகாலத்தில் அது கடலடி.

பிரெஞ்சுப் புரட்சியில் திருச்சபையின் நிலங்கள் விற்கப்பட்டன. துறவிகள் அகன்றார்கள், கொடிகள் நின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேரை அரிக்கும் பைலாக்சிரா பூச்சி அவற்றையும் அழித்தது. மீந்த தோட்டங்களை வசந்தகால உறைபனி வாட்டியது. ஓர் இரவின் குளிரில் ஓராண்டின் விளைச்சலே கருகிவிடும். 1950-களில் எஞ்சியது ஏறத்தாழ 500 ஹெக்டேர்.

பிறகு, தோட்டக்காரர் வரிசைகளிடையே கணப்புகளை ஏற்றினார்கள். உறைபனி இரவுகளில் இளந்துளிர்கள்மேல் தண்ணீரும் தெளித்தார்கள். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். தெளிப்பு விடியுமட்டும் நிற்காதிருந்தால் துளிர் பிழைக்கும். இன்று அங்கே 5,000 ஹெக்டேருக்கும் மேல் திராட்சை விளைகிறது. ஏப்ரல் விடியலில் சரிவெங்கும் கண்ணாடிபோல் மின்னும் பனிக்கட்டி; அதனுள்ளே பச்சைத் துளிர்.