கையொப்பமும் கட்சியும்: 1991-இல் பிரேமதாசவுக்கு எதிரான பதவிநீக்கப் பிரேரணை

பதவிநீக்க நடவடிக்கையை எதிர்கொள்ளும் ஒரு ஜனாதிபதியை அவருடைய கட்சியினர் கைவிடுவார்களா, காப்பார்களா என்ற கேள்வி பெரும்பாலும் தனிமனிதர்களின் மனச்சாட்சி, துணிவு, நன்றியுணர்வு ஆகியவற்றைச் சார்ந்ததாகவே பேசப்படுகிறது. இலங்கையில் 1991-ஆம் ஆண்டு ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவுக்கு எதிராகக் கொண்டுவரப்பட்ட பிரேரணையின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. அங்கே விசுவாசம் என்பது உணர்வாக இருந்ததைக் காட்டிலும், 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பிரிவுகளுக்குள்ளேயே கட்டிவைக்கப்பட்ட ஓர் ஏற்பாடாக இருந்தது.

அந்த ஏற்பாட்டின் தொடக்கம் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் காலத்தைச் சேர்ந்தது. 1977-ஆம் ஆண்டுத் தேர்தலில் 168 இடங்களில் 140-ஐ வென்ற அவருடைய ஐக்கிய தேசியக் கட்சி, அடுத்த ஆண்டு புதிய அரசியலமைப்பின் மூலம் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி ஆட்சிமுறையை, அதாவது அரசின் தலைமையும் அமைச்சரவையின் தலைமையும் மக்களால் நேரடியாகத் தெரிவுசெய்யப்படும் ஒருவரிடமே குவியும் முறையை, நிலைநாட்டியது. அவ்வரசியலமைப்பின் 38-ஆம் பிரிவு ஜனாதிபதியை நீக்கும் வழியை வகுத்தது. அரசியலமைப்பை வேண்டுமென்றே மீறுதல், தேசத்துரோகம், இலஞ்சம், அதிகார துஷ்பிரயோகத்துடன் கூடிய ஊழல் முதலியவை அதற்கான காரணங்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரோ, குறைந்தது பாதிப் பேரோ கையொப்பமிட்டுச் சபாநாயகரிடம் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பாதிப் பேரே கையொப்பமிட்டிருந்தால், குற்றச்சாட்டுகள் விசாரணைக்கு உரியவை எனச் சபாநாயகர் திருப்தியடைய வேண்டும். பின்னர் மூன்றில் இரு பங்கு வாக்குகளுடன் தீர்மானம் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, குற்றம் உண்டென நீதிமன்றம் அறிக்கையிட்ட பிறகு, மீண்டும் மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவைப்படும். இலங்கையில் உயர்நீதிமன்றம் என்பது நாட்டின் தலைமை நீதிமன்றம் என்பதைத் தமிழ்நாட்டு வாசகர் நினைவிற்கொள்வது நலம்.

இந்தப் பிரிவைத் தனியே படித்தால் அது கடினமான, ஆனால் நேர்மையான ஒரு நடைமுறையாகவே தோன்றும். வேறு இரண்டு பிரிவுகளோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் உண்மையான இயல்பு புலப்படுகிறது. 99-ஆம் பிரிவின் 13-ஆம் உட்பிரிவின்படி, கட்சியிலிருந்து விலக்கப்பட்ட உறுப்பினரின் ஆசனம் ஒரு மாதத்தில் வறிதாகிவிடும். அந்த மாதத்துக்குள் அவர் உயர்நீதிமன்றத்தை நாடி, விலக்கல் செல்லாது என்ற தீர்ப்பைப் பெற்றால் மட்டுமே அது தப்பும். விகிதாசாரத் தேர்தல் முறையில் வெற்றிடத்தை அதே கட்சியின் பட்டியலில் அடுத்து வருபவர் நிரப்புவதால் இடைத்தேர்தல் கிடையாது. எனவே தலைமையை எதிர்த்து வெளியேற்றப்பட்டவர் தம் தொகுதி மக்களிடம் திரும்பிச் சென்று நியாயம் கேட்கும் வாய்ப்பும் அற்றுப்போனது. 70-ஆம் பிரிவோ, பொதுத்தேர்தல் நடந்து ஓராண்டு கழிந்த பின் நாடாளுமன்றத்தைக் கலைக்கும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கு அளித்தது. சபாநாயகர் பதவிநீக்கப் பிரேரணையை ஏற்றுக்கொண்ட பின்னரே அவ்வதிகாரம் தடைப்படும்.

இதன் விளைவு வெளிப்படையானது. பிரேரணை தயாராவது முன்கூட்டியே தெரிந்தால் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்துவிடலாம். ஆகவே கையொப்பங்களை மறைவாகவே திரட்ட வேண்டியிருந்தது. எழுத்திலுள்ள இந்தப் பிடிமானத்தையும் போதாதெனக் கருதிய ஜயவர்த்தன, 1982-இன் இறுதியில், நாடாளுமன்றத்தின் ஆயுளை நீடிக்கும் சர்வசன வாக்கெடுப்பை ஒட்டி, தம் கட்சி உறுப்பினர்களிடமிருந்து திகதியிடப்படாத பதவிவிலகல் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். மக்கள் பிரதிநிதியின் ஆசனம் தலைவரின் மேசை இழுப்பறைக்குள் போன அந்தச் செயலுக்குக் கட்சிக்குள் குறிப்பிடத்தக்க எதிர்ப்பு எழாதது, இலங்கை நாடாளுமன்ற மரபுக்கு நேர்ந்த பெரும் இழப்புகளுள் ஒன்று.

1988 டிசம்பரில் தெரிவுசெய்யப்பட்டு 1989 ஜனவரியில் பதவியேற்ற பிரேமதாச, இந்த ஏற்பாட்டை அப்படியே சுவீகரித்தார். ஆனால் கட்சியின் மேல்தட்டு அவரை மனமார ஏற்கவில்லை. கொழும்பு வாழைத்தோட்டத்தின் எளிய சூழலில் வளர்ந்து, உழைப்பாலும் அமைப்புத் திறனாலும் மேலே வந்தவர் அவர். ஒக்ஸ்போர்டிலும் ஹார்வர்டிலும் பயின்ற லலித் அத்துலத்முதலியும், மகாவலித் திட்டத்தின் முகமாக விளங்கிய காமினி திசாநாயக்கவும் தலைமைக்குப் போட்டியிட்ட அடுத்த தலைமுறையினர். காமினி 1990-இல் அமைச்சரவையில் இடமிழந்தார். லலித் கல்வி அமைச்சராகத் தொடர்ந்தார். 1991-இல் கட்சி பிளவுபட்டபோது, பிரேமதாசவுடன் நின்றவர்களுள் பலர் அதை ஊழலுக்கு எதிரான எழுச்சியாகக் காணாமல், உயர்குடியினர் நடத்திய கலகமாகவே கண்டனர். சாதியும் வர்க்கமும் கலந்த இந்தப் பார்வையைக் கணக்கிற்கொள்ளாமல் அன்றைய விசுவாசத்தை முழுமையாக விளக்க முடியாது.

1989 பெப்ரவரித் தேர்தலில் 225 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 125-ஐயும், ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 67-ஐயும் பெற்றிருந்தன. பிரேரணைக்குத் தேவையான குறைந்தபட்சக் கையொப்பங்கள் 113. ஆளுங்கட்சி சாராத நூறு பேரும், வடக்கு கிழக்கின் தமிழ் உறுப்பினர்கள் உட்பட, ஒருவர் விடாமல் கையொப்பமிட்டிருந்தாலும் ஆளுங்கட்சியிலிருந்து 13 பேர் தேவைப்பட்டிருப்பர். போர் மூண்டிருந்த அக்காலத்தில் தமிழ்ப் பிரதிநிதித்துவம் சிதறிக்கிடந்ததால், உண்மையில் தேவைப்பட்ட தொகை அதைவிட மிகப் பெரியது.

1991 ஆகஸ்ட் இறுதியில் சபாநாயகர் எம். எச். முகம்மது, பிரேரணையைத் தாம் ஏற்றுக்கொண்டதாக ஜனாதிபதிக்கு அறிவித்தார். அதிகார துஷ்பிரயோகம் பற்றிய பல குற்றச்சாட்டுகளோடு, விடுதலைப் புலிகளுக்கு ஆயுதம் வழங்கியதும் அதில் இடம்பெற்றது. சபாநாயகரும் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவரே என்பது கிளர்ச்சியின் ஆழத்தைக் காட்டியது. பிரேமதாச உடனே நாடாளுமன்றக் கூட்டத்தொடரை ஒத்திவைத்தார். நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாத நிலையில் இந்த ஒத்திவைப்பே அவருக்கு அவகாசம் தந்தது. கட்சியின் பொதுச்செயலாளர் சிறிசேன குரே உள்ளிட்டோர் அந்த இடைவெளியில் உறுப்பினர்களைத் தனித்தனியே அணுகினர். பெரும்பாலோர் ஜனாதிபதிமீது நம்பிக்கை தெரிவித்துக் கையொப்பமிட்டனர். பிரேரணையில் பெயர் காணப்பட்ட சிலர், எதற்கெனத் தெரியாமல் கையொப்பமிட்டதாகக் கூறிப் பின்வாங்கினர். செல்லத்தக்க கையொப்பங்கள் போதிய எண்ணிக்கையில் இல்லை என்று அறிவித்து, அக்டோபரில் சபாநாயகர் பிரேரணையைத் தள்ளிவிட்டார்.

கிளர்ச்சியாளர்கள் மறைவில் கையொப்பம் திரட்ட, விசுவாசிகள் வெளிச்சத்தில் கையொப்பம் பெற்றனர். மறைவில் இட்ட கையொப்பத்தை மறுப்பது எளிது. பலரறிய இட்டதை மறுப்பது அரிது. ஆகவே அரசியலமைப்பே திணித்த இரகசியம், பிரேரணையின் முதற்கட்ட வலிமையாக இருந்து, இரண்டாம் கட்டத்தில் அதன் பலவீனமாயிற்று. தென்கொரியாவில் 2016 டிசம்பரில் பாக் கியுன்-ஹே மீதான பதவிநீக்கத் தீர்மானம் 234 வாக்குகளுடன் நிறைவேறியபோது, அவருடைய சொந்தக் கட்சியினர் அறுபதுக்கும் மேற்பட்டோர் எதிராக வாக்களித்திருந்தனர். அங்கே தீர்மானம் வெளிப்படையாக முன்மொழியப்பட்டு, வாக்கு மட்டும் இரகசியமாக இடப்பட்டது. இலங்கையின் வரிசை நேர்மாறானது.

அத்துலத்முதலி, திசாநாயக்க, ஜி. எம். பிரேமச்சந்திர முதலியோர் கட்சியிலிருந்து விலக்கப்பட்டனர். பதவிநீக்கப் பிரேரணையில் கையொப்பமிடுவது அரசியலமைப்பு அளித்த உரிமை என்றும், தங்களை விசாரிக்காமலே விலக்கியது இயற்கை நீதிக்கு முரண் என்றும் அவர்கள் வாதிட்டனர். கட்சிக்குள் பேசாமல் மறைவில் செயற்பட்டதும் பொதுமேடைகளில் தலைவரைத் தாக்கியதும் ஒழுங்குமீறல் என்று கட்சி வாதிட்டது. உயர்நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு கட்சியின் பக்கம் நின்றதால் ஆசனங்கள் பறிபோயின. சட்டம் மறைவாக நடக்கக் கட்டாயப்படுத்திய ஒருவரை, மறைவாக நடந்ததற்காகக் கட்சி தண்டிக்கலாம் என்ற நிலை அத்தீர்ப்பால் உறுதியானது. இதைவிடக் கொடிய முரண்பாடு அந்த அரசியலமைப்பின் வரலாற்றில் அரிது.

விலக்கப்பட்டோர் கழுகுச் சின்னத்தில் ஜனநாயக ஐக்கிய தேசிய முன்னணியைத் தொடங்கினர். 1993 ஏப்ரல் 23-இல் அத்துலத்முதலியும், மே 1-இல் பிரேமதாசவும் கொல்லப்பட்டனர். கட்சிக்குத் திரும்பிய திசாநாயக்க 1994 அக்டோபரில் குண்டுவெடிப்பில் மாண்டார்.

இந்தியாவில் குடியரசுத் தலைவரை நீக்கும் 61-ஆம் உறுப்பு இதுவரை பயன்படுத்தப்படவில்லை என்றாலும், கட்சிக் கட்டுப்பாட்டின் இதே வேகத்தை நீதிபதி வி. இராமசாமி மீதான தீர்மானத்தில் காணலாம். முன்பு சென்னை உயர்நீதிமன்றத்தில் பணியாற்றிய அவருக்கு எதிராக 1993 மே மாதம் மக்களவையில் 196 பேர் வாக்களித்தனர். எதிர்த்து எவரும் வாக்களிக்கவில்லை. ஆளும் காங்கிரசார் ஒட்டுமொத்தமாக வாக்களிக்காமல் விலகியதே தீர்மானம் நிறைவேறாமற்போகக் காரணம்.

இலங்கையில் பின்வந்த ஆண்டுகளில் 99-ஆம் பிரிவின் பிடி ஒருபக்கமாகத் தளர்ந்தது. உரிய விசாரணையின்றிச் செய்யப்பட்ட விலக்கல்கள் செல்லாவென நீதிமன்றம் பல வழக்குகளில் தீர்ப்பளித்ததால், எதிர்க்கட்சியினர் ஆசனத்தை இழக்காமலே அரசாங்கத்தின் பக்கம் தாவ முடிந்தது. 2007-இல் ஐக்கிய தேசியக் கட்சியின் ஒரு பெருங்குழு மகிந்த ராஜபக்சவின் அமைச்சரவையில் சேர்ந்தது இவ்வாறே. நியாயமான விசாரணை என்ற நல்ல கோட்பாடு, நடைமுறையில் ஜனாதிபதியை நோக்கி நகர்வோருக்கே பெரிதும் உதவியது. அமைச்சுப் பதவிகளை வழங்கும் கை அவருடையதாக இருக்கும்வரை அது வேறுவிதமாக அமைந்திருக்கவும் முடியாது.

2022-இல் பொருளாதாரம் சரிந்து மக்கள் காலிமுகத்திடலில் திரண்டிருந்தபோதும், கோட்டாபய ராஜபக்சமீது அதிருப்தி தெரிவிக்கும் பிரேரணையை உடனே விவாதிக்கும் முயற்சி மே 17-இல் 68-க்கு 119 வாக்குகளால் தோற்றது. ஜூலையில் அவரைப் பதவியிலிருந்து அகற்றியது மக்கள் எழுச்சி. 38-ஆம் பிரிவின் பதவிநீக்க நடைமுறை அப்போதும் செயற்படவில்லை. அடுத்த ஜனாதிபதியை நாடாளுமன்றம் தெரிவுசெய்த ஜூலை 20 அன்று, கோட்டாபயவின் கட்சியினரில் பெரும்பாலோர் ஆதரித்ததால் 134 வாக்குகள் பெற்று வென்றவர், 1991-இல் பிரேமதாசவுடன் உறுதியாக நின்ற அன்றைய சபை முதல்வர் ரணில் விக்கிரமசிங்க.