மொட்டைச் சேஸிஸ்: ஒரு பிளாஸ்டிக் வரலாறு

சேஸிஸ்னா என்னன்னு எங்க சேலம், நாமக்கல் பக்கத்து ஆளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லாரி வாங்குவது என்றால் இங்கே ரெண்டு வேலை. கம்பெனியில சேஸிஸ் வாங்கணும், அப்புறம் நாமக்கல் பட்டறையில விட்டு பாடி கட்டணும். ஒரு காலத்தில் கேபின்கூட இல்லாத மொட்டைச் சேஸிஸை அப்படியே ரோட்டில் ஓட்டிக்கொண்டு வருவார்கள். டிரைவர் தலையில் துண்டு, உட்கார ஒரு ஒப்புக்கு சீட்டு. முன்னால போற வண்டியைப் பாத்தாலே போதும்: இரும்புச் சட்டம், நடுவுல சுத்துற ஷாஃப்ட், கடைசியில உருண்டையா டிஃபரன்ஷியல். காசில்லாம கிடைச்ச மெக்கானிக்கல் படிப்பு!

அதே மொட்டைச் சேஸிஸை டென்மார்க்கில் ஒரு பொம்மைக் கம்பெனி டப்பாவில் போட்டு விற்றது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

இதுக்கு ஒரு தாத்தா உண்டு. லிவர்பூலைச் சேர்ந்த ஃபிராங்க் ஹார்ன்பி 1901ல் காப்புரிமை வாங்கிய, பின்னாளில் மெக்கானோ என்று பெயர் வைத்த ஓட்டை போட்ட தகரப் பட்டைகள். 1920களிலேயே மெக்கானோவில் கார் சேஸிஸ் கட்டும் படப் புத்தகம் வந்துவிட்டது. நம்ம ஊர்ல மெக்கானிக்ஸ்னு ஒரு செட் வருமே, நட்டு போல்ட்டு எல்லாம் போட்டு... அந்த வம்சம்தான். ஆனால் அதில் ஸ்பேனரும் பொறுமையும் வேணும். போல்ட் தொலைஞ்சா அவ்ளோதான்.

லெகோ கம்பெனி 1932ல் பில்லுண்ட் என்ற சின்ன ஊரில் ஒரு தச்சர் ஆரம்பித்தது. இன்று நாம் பார்க்கும் பிளாஸ்டிக் கட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1958ல். வீடு கட்டலாம், கோட்டை கட்டலாம். 1977ல்தான் பக்கவாட்டில் ஓட்டை போட்ட கட்டை, அதில் நுழையும் அச்சு, பற்சக்கரம் எல்லாம் சேர்ந்த புது வரிசை வந்தது. பின்னாளில் டெக்னிக் என்று பெயர் மாறியது இதுதான். அந்த முதல் வருஷ செட்டுகளில் பெரியது, எண் 853, ஒரு கார் சேஸிஸ். கவனிங்க, கார் இல்லை, சேஸிஸ் மட்டும். கதவு இல்லை, கூரை இல்லை. உருட்டினால் நாலு பிஸ்டனும் ஏறி இறங்கும். ஸ்டியரிங் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். ரெண்டு கியர் உண்டு. சீட்டைக்கூட முன்னே பின்னே நகர்த்தலாம்.

இதெல்லாம் எப்படி முடிந்தது? அங்கதான் கணக்கு இருக்கு. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவில் 8 மி.மீ. பற்சக்கரத்தில் எத்தனை பல்லோ, பல் கவ்வும் இடத்தில் அத்தனை மி.மீ. குறுக்களவு. 8 பல்லையும் 24 பல்லையும் பக்கத்தில் வைத்தால் மையத்துக்கு மையம் 4+12 = 16 மி.மீ. சரியா ரெண்டு ஓட்டை. 16ம் 16ம் வைத்தாலும் 8+8, அதே 16. அதாவது அச்சை நகர்த்தாமலே மூன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு மூன்று என்று வேகத்தை மாற்றலாம். கியர் பாக்ஸ்னா இவ்ளோதாங்க. தறிச் சத்தத்துல வளர்ற அம்மாபேட்டைப் பசங்களுக்கு இது சட்டுனு புரியும். விசைத்தறியில துணி எவ்ளோ வேகமா சுருட்டணும்னு தீர்மானிக்கிறதும் பல் கணக்குதான்.

1980ல் வந்த 8860 இன்னும் ஒரு படி மேலே. மூன்று கியர், பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன், கூடவே டிஃபரன்ஷியல். நானும் அந்த அமைப்பை மேசை மேல் கட்டிப் பார்த்தேன். ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டே இடது சக்கரத்தைப் பிடித்தால் வலது சக்கரம் ரெண்டு மடங்கு வேகமாகச் சுற்றும். வளைவில் வெளிச் சக்கரம் ஏன் அதிகம் ஓடணும், சேத்துல ஒரு சக்கரம் மாட்டினா அது மட்டும் ஏன் சும்மா சுத்துது, ரெண்டுக்கும் பதில் கைக்குள்ளேயே. புத்தகப் படம் எத்தனை பார்த்தாலும் வராத தெளிவு அது.

அப்புறம் கதை வேகம் பிடிக்கிறது. 1988ல் 8865, நாலு சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன். 1994ல் 8880, நாலு சக்கரமும் இழுக்கும், நாலும் திரும்பும், நாலு கியர். இதில் கியர் மாறும் விதமே வேறு. பழைய செட்டுகளில் பற்சக்கரத்தையே தள்ளிக்கொண்டு போய்க் கோக்கணும், 1890களின் பனார் கார் மாதிரி. (பழைய லாரி டிரைவர்களைக் கேளுங்க, டபுள் கிளட்ச் கதையை ஒரு மணி நேரம் சொல்வாங்க.) புதிதில் எல்லாப் பற்சக்கரமும் எப்போதும் கோத்தே இருக்கும். நடுவில் ஒரு வளையம் நகர்ந்து, வேண்டியதை மட்டும் அச்சோடு பூட்டும். நிஜக் கார் பல பத்தாண்டுகளில் கடந்த தூரத்தைப் பொம்மைக் கார் 17 வருஷத்தில் கடந்துவிட்டது.

அதுக்கப்புறம்தான் எனக்கு வருத்தம். 2016ல் போர்ஷே, 2704 துண்டு. 2018ல் புகாட்டி, 3599 துண்டு, எட்டு கியர். பிரமாதம்தான். ஆனால் கட்டி முடித்தால் வெளியே பளபளக்கும் பாடி மட்டும். கியர் பாக்ஸ் வயித்துக்குள்ள எங்கயோ. அந்த போர்ஷேயில் கியர் 1, 3, 2, 4 என்ற வரிசையில் மாறுவதை ரசிகர்கள்தான் கண்டுபிடித்தார்கள். 8860ல் இப்படி இருந்திருந்தா எட்டு வயசுப் பையன் கண்ணாலயே பாத்து சொல்லியிருப்பான் :)

அதே 2018ல் ஆள் உட்கார்ந்து ஓட்டும் முழு அளவு புகாட்டியையும் கட்டினார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் துண்டுகள், ஒன்றரை டன், பசை கிடையாது. ஆனால் எடையைத் தாங்க உள்ளே இரும்புச் சட்டம் வைத்தார்கள். கடைசியில் சேஸிஸ் சேஸிஸ்தான்யா.

நிஜ ரோட்டிலும் இதே கதை. மாருதி 800 உட்பட பெரும்பாலான கார்களில் தனியா சேஸிஸ் கிடையாது, பாடியே சட்டம். லாரிகளும் இப்போது பெரும்பாலும் கேபினோடுதான் வருகின்றன. டிரைவருக்கு அது ரொம்ப நல்லது, அந்த வெயில் யாருக்கும் வேண்டாம். ஆனா ஒரு வண்டி எப்படி ஓடுதுன்னு ரோட்டோரம் நின்னு பாத்துத் தெரிஞ்சுக்கிற வாய்ப்பு போயிடுச்சு.

அதனால என் கட்சி இதுதான். வீட்டுல பிள்ளைக்குக் கட்டும் செட்டு இருந்தா, அது எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி, முதல்ல பாடியைக் கட்ட விடாதீங்க. மொட்டைச் சேஸிஸ் கட்டச் சொல்லுங்க. ஒரு சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணைச் சுத்தச் சொல்லுங்க. மீதிக் கேள்வியை அதுவே கேக்கும்.

டிஸ்கி: நாமக்கல் பக்கம் பாடி கட்டும் பட்டறையோடு பழக்கம் உள்ள பதிவர்கள் யாராவது அந்தப் பட்டறைக் கதையை எழுதுங்களேன். முதல் பின்னூட்டம் என்னுது.